அறுகம்பைக்கு எந்தப் போர்ட் வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீசனில் அறுகம்பைக் கரையில் உள்ள உல்லையில், அலை மேல் நின்று ஓடும் சர்ஃப் போர்ட்டுகளை வாடகைக்குக் கொடுப்பதும் உடைந்த போர்ட்டுகளை ஒட்டுவதும்தான் என் வேலை. முன்பெல்லாம் கடைக்கு வருபவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான். இப்போது பொத்துவில், கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று, மட்டக்களப்பு என்று நம் பக்கத்துப் பிள்ளைகளும் சொந்தமாகப் போர்ட் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றுதான்: மெதுவான அலைக்கும் வேகமான அலைக்கும் ஒரே போர்ட் போதுமா? ஃபோனில் எத்தனை தரம்தான் சொல்வது, எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணா, போர்ட்டுல 7'0, 21½, 2¾, 47 லீற்றர் எண்டு எழுதியிருக்கு. இது என்ன கணக்கு?

முதலாவது நீளம், அடியில். இரண்டாவது ஆக அகலமான இடத்தில் அகலம், அங்குலத்தில். மூன்றாவது ஆகத் தடித்த இடத்தில் தடிப்பு, அதுவும் அங்குலத்தில். கடைசி எண்தான் முக்கியம். அது போர்ட்டின் கனவளவு. ஒரு லீற்றர் ஏறத்தாழ ஒரு கிலோவை மிதக்க வைக்கும். 47 லீற்றர் போர்ட்டை முழுதாகத் தண்ணீருக்குள் அமுக்க, போர்ட்டின் சொந்த எடையைக் கழித்துவிட்டால், நாற்பது கிலோவுக்கு மேல் பாரம் வேண்டும்.

பழைய போர்ட்டுகளில் லீற்றர் எழுதியிருக்காது. அப்போது நீளத்தையும் அங்குலமாக்கி மூன்றையும் பெருக்குங்கள், 61ஆல் வகுங்கள், வருவதில் பாதிக்குச் சற்று மேல் எடுங்கள். மேலே உள்ள போர்ட்டுக்கு 84 × 21½ × 2¾ கிட்டத்தட்ட 4,966. 61ஆல் வகுத்தால் 81. அதில் 55 முதல் 58 சதவீதம் எடுத்தால் 45, 47 லீற்றர் என்று வந்து நிற்கும். கடைக்காரர் சொல்வது உண்மையா என்று பார்க்க இது போதும்.

எனக்கு 65 கிலோ. எத்தனை லீற்றர் வேணும்?

உங்கள் எடையைவிட நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. இன்னும் நுரைத் தண்ணீரில் எழும்பி நிற்கப் பழகுகிறவர் என்றால் கிலோவுக்கு ஒரு லீற்றரோ அதற்கு மேலோ, அதாவது 65 முதல் 80 லீற்றர். உடையாத அலையைத் தானாகவே பிடித்து, பக்கவாட்டில் கொஞ்ச தூரம் ஓடக் கூடியவர் என்றால் கிலோவுக்கு 0.6 முதல் 0.7, அதாவது 40 முதல் 46. வருடக் கணக்கில் ஓடி, கீழே இறங்கித் திரும்பி மேலே ஏறுகிறவருக்கு 30ஐ ஒட்டி வந்தாலும் போதும். போட்டிக்குப் போகிற பிள்ளைகள் 0.4 வரை இறங்குவார்கள். அவர்களைப் பார்த்து வாங்காதீர்கள்.

தங்கள் நிலையை ஒரு படி கூட்டிச் சொல்லாதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நானும் அப்படித்தான் சொன்னேன். என் முதல் போர்ட், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெளிநாட்டுக்காரர் மலிவாகத் தந்த 5 அடி 10 அங்குலம், 26 லீற்றர். இரண்டு சீசன் அதில் படுத்துக்கொண்டே கழித்தேன். சனி ஞாயிறு மட்டும் கடலுக்கு வருகிறவர் மேலே வந்த கணக்கில் நாலைந்து லீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள்.

சொஃப்ட் போர்ட் எடுத்தா பொடியன்மார் சிரிப்பாங்களே?

சிரிப்பார்கள். ஒரு மணித்தியாலத்தில் நீங்கள் இருபது அலை பிடித்துவிட்டு வாருங்கள், பிறகு எவரும் சிரிக்க மாட்டார்கள். மேல் பக்கம் மெத்தென்ற நுரை ஒட்டிய 8 அடிப் போர்ட் தலையில் பட்டாலும் மண்டை பிளக்காது. பழகும் காலத்தில் தலையில் படத்தான் செய்யும்.

ஆனால் சொந்தமாக வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். ஒரு சீசனில் அதைத் தாண்டி விடுவீர்கள். வெயிலில் கிடந்தால் மேல் நுரையும் உரிந்து போகும்.

மெயின் பொயின்ற்றுக்கும் விஸ்கி பொயின்ற்றுக்கும் ஒரே போர்ட் போதுமா?

இதற்காகத்தான் இந்தப் பக்கமே. போதும், ஆனால் எந்த இடத்திலும் அது ஆகச் சிறந்த போர்ட்டாக இருக்காது.

மெயின், விஸ்கி, பேபி பொயின்ற் எல்லாம் இங்கே அலை ஓடும் இடங்கள். பேபி, விஸ்கி இரண்டிலும் அலை சோம்பல். மெதுவாக எழும்பி மெதுவாகச் சரியும். தள்ளும் பலம் குறைவு என்பதால் போர்ட்தான் வழுக்கிப் போக வேண்டும்; அதற்கு அகலமும் தட்டையான அடியும் தேவை. மெயின் பொயின்ற் அப்படியல்ல. ஜூன் முதல் செப்டெம்பர் வரை தெற்கேயிருந்து வரும் பெருந்திரை பாறை மேட்டில் முட்டி, செங்குத்தாக எழும்பி, நல்ல நாளில் சில நூறு மீற்றர் ஓடும். அங்கே வேகம் தானாகவே கிடைக்கும். உங்களுக்குத் தேவை பிடிப்பு: மூக்கு மேலே வளைந்திருக்க வேண்டும், பின் பகுதி ஒடுங்க வேண்டும், விளிம்பு மெல்லியதாக வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் தேவைகள்.

நடுவில் நிற்பது 6 அடி 8 முதல் 7 அடி 4 வரையான போர்ட்டுகள். மிட்லெங்த் என்று கேட்டால் காட்டுவார்கள். 65, 70 கிலோ ஆளுக்கு 7 அடி, 21 முதல் 21½ அங்குலம், 2¾ தடிப்பு, வால் வட்டமாக இருந்தால் நல்லது. விஸ்கியில் அது சுகமாகப் பிடிக்கும். மெயினில் நெஞ்சளவு, தலையளவு அலை வரைக்கும் தாங்கும். அதற்கு மேலே போகும் நாள் சீசனில் சில நாள்தான்; அன்றைக்கு வாடகைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது என்னைப் போல் கரையில் இருந்து பாருங்கள்.

அகலம் கூடக்கூட நல்லம்தானே? அதுல என்ன நட்டம்?

படுத்திருக்கும்போது நல்லம், எழும்பி நிற்கும்போதும் நல்லம். நட்டம் திரும்பும்போதுதான் தெரியும். போர்ட்டைத் திருப்புவது என்பது ஒரு விளிம்பைத் தண்ணீருக்குள் புதைப்பது. 19 அங்குலப் போர்ட்டில் குதிக்காலைக் கொஞ்சம் அழுத்தினால் விளிம்பு இறங்கும். 22½ அங்குலத்தில் விளிம்பு காலிலிருந்து தூரத்தில் இருக்கிறது, அதே அழுத்தம் போதாது. மெதுவான அலையில் அவசரமில்லை, உடம்பைச் சாய்த்து நேரமெடுத்துத் திருப்பலாம். மெயின் பொயின்ற்றில் அந்த அரை விநாடிக்குள் அலை உங்களுக்கு முன்னால் மூடிவிடும்.

இரண்டாவது, வேகத்தில் அகலமான வால் மேலே தூக்கப் பார்க்கும். காற்று ஏறித் தண்ணீர் சிலிர்த்திருக்கும் நேரத்தில் போர்ட் தடதடவென்று அடிக்கும். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை: தோள் சிறிய ஆட்களுக்கு அகலமான போர்ட்டில் கை தண்ணீருக்கு வடிவாக எட்டாது. கையைத் துடுப்புப் போல் வலித்துப் போகும்போது விளிம்பில் உராய்ந்து கக்கத்துக்குக் கீழே தோல் போகும். 21½ நம்மவர்களில் பெரும்பாலானோருக்குச் சரியான எல்லை என்பது என் கணிப்பு.

சுவிஸ்ல இருக்கிற மச்சான் பனிச்சறுக்குப் பலகைக்கும் இதே பிரச்சினைதான் எண்டு சொல்றார். உண்மையா?

உண்மைதான், கிட்டத்தட்ட அச்சொட்டாக. அங்கே அகலத்தைக் காலுக்கு நேர் கீழே மில்லிமீற்றரில் அளக்கிறார்கள். இயந்திரத்தால் அழுத்திச் சீராக்கிய பாதைக்கு 70, 80 மில்லிமீற்றர் ஒடுக்கமான ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகை. விழுந்தபடியே கிடக்கும் மாவுப் பனிக்கு 110க்கு மேல். இரண்டுக்கும் ஒன்று வேண்டும் என்கிறவர் 90க்கும் 105க்கும் இடையில் எடுப்பார். அகலமான ஸ்கீ மாவுப் பனியில் புதையாமல் மிதக்கும். கெட்டிப் பாதையில் அதை விளிம்புக்குச் சாய்க்க நேரமெடுக்கும், முழங்காலுக்கும் வேலை கூடும். முந்தின கேள்விக்கான பதிலை அப்படியே பனிக்கு மாற்றினால் இதுதான்.

ரொக்கர், அதாவது பலகையின் வளைவு, என்ற சொல்லும் இரண்டுக்கும் பொது. மாவுப் பனி தண்ணீரைப் போன்றது என்று யோசித்த ஷேன் மெக்கொங்கி என்ற ஸ்கீ வீரர் முதலில் தண்ணீர்ச் சறுக்குப் பலகைகளையே பனியில் மாட்டிப் பார்த்தார். பிறகு 2000களின் தொடக்கத்தில், முன்னும் பின்னும் மேலே வளைந்த ஸ்பட்டூலா என்ற ஸ்கீ வந்தது. ஆக மச்சான் நம்மிடமிருந்து கடன் வாங்கிய யோசனையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லுங்கள்.

ரொக்கர் எண்டா என்ன, கடையில எப்படிப் பாக்கிறது?

பக்கத்தில் இருந்து பார்த்தால் போர்ட் வாழைப்பழம் போல் வளைந்திருக்கும். அந்த வளைவுதான் ரொக்கர். போர்ட்டை வயிறு கீழே இருக்கத் தட்டையான தரையில் வைத்து, மூக்கு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வளைவு குறைந்தால் வழுக்கும் வேகம் கூடும், அலை சீக்கிரம் பிடிபடும். ஆனால் செங்குத்தான அலையில் இறங்கும்போது மூக்குக் குத்தி, நீங்கள் முன்னால் பறப்பீர்கள். இரண்டு இடத்துக்கும் ஒரு போர்ட் என்றால் நடுப்பகுதி தட்டையாகவும் மூக்கின் கடைசி ஒன்றரை அடி மட்டும் நன்றாக எழும்பியும் இருப்பதைத் தேடுங்கள்.

நானா, ஃபிஷ் நல்லமா, லோங் போர்ட் நல்லமா?

ஃபிஷ் என்பது குட்டையாக, அகலமாக, மீன் வால் போல் பிளந்த வாலுடன் வருவது. ஐந்தரை முதல் ஆறு அடி. சின்ன அலையில் பறக்கும், ஆனால் அலையைப் பிடிக்கும் நேரம் பிந்தினால் மன்னிக்காது. லோங் போர்ட் 9 அடியும் அதற்கு மேலும், 60 லீற்றரைத் தாண்டும். விஸ்கியில் அதைப் போல் சுகம் வேறில்லை. மெயினில் கூட்டத்துக்குள் அதைக் கைவிட்டீர்கள் என்றால் பின்னால் வருகிறவர் பல்லுக்குப் பொறுப்பு நீங்கள்.

முதல் போர்ட்டாக இரண்டையும் நான் சொல்ல மாட்டேன். இரண்டாவதாக வாங்குவதென்றால், ஏற்கனவே உள்ள 7 அடியோடு எது சேரும் என்று பாருங்கள். பெரும்பாலும் ஃபிஷ்தான். த்ரீவீல் கூரையில் 9 அடியைக் கட்டிக்கொண்டு பாணமைப் பாதையில் போய்ப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

ஃபின் மூண்டா, ரெண்டா, ஒண்டா?

ஃபின் என்பது போர்ட்டின் அடியில் வால் பக்கம் நிற்கும் துடுப்பு. ஒரே அளவான மூன்று ஃபின் வடிவத்தை 1980இல் அவுஸ்திரேலியரான சைமன் அண்டர்சன் செய்தார். 1981இல் பெல்ஸ் பீச் போட்டியை அதில் வென்ற பிறகு உலகம் முழுவதும் அதுவே வழமையாகிவிட்டது. பிடிப்பும் திருப்பமும் இரண்டும் கிடைக்கும். ஒற்றை ஃபின் நேராக, அமைதியாக ஓடும். இரட்டை ஃபின் வேகம், ஆனால் பெரிய அலையில் வால் வழுக்கும்.

நடுத்தர நீளப் போர்ட்டுகளில் நடுவில் பெரிய ஃபின் ஒன்றும் பக்கத்தில் இரண்டு குட்டி ஃபின்னும் பூட்டும் வசதி இருந்தால் அதையே எடுங்கள். விஸ்கிக்குக் குட்டிகளைக் கழற்றலாம், மெயினுக்குப் பூட்டலாம். ஒரு போர்ட்டை இரண்டாக்கும் மலிவான வழி இது. ஃபின் பெட்டி, அதாவது ஃபின்னைச் செருகும் குழி, எந்த வகை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.சி.எஸ், ஃபியூச்சர்ஸ் என்று இரண்டு பெரிய வகைகள் இருக்கின்றன, ஒன்றின் ஃபின் மற்றதில் ஏறாது.

எபொக்சியா, சாதாரணமா?

சாதாரணம் என்று நீங்கள் சொல்வது பொலியூரித்தேன் நுரைக்கு மேல் பொலியெஸ்டர் பிசின் ஊற்றியது. எபொக்சி என்பது பெரும்பாலும் நம் ரெஜிபோம் வகை நுரைக்கு மேல் எபொக்சி பிசின். எபொக்சி எடை குறைவு, இலகுவில் நசுங்காது, அதே அளவில் கொஞ்சம் கூட மிதக்கும். சாதாரணப் போர்ட் கொஞ்சம் பாரம், ஆனால் காற்றில் அலையும் தண்ணீரில் தடதடக்காமல் ஓடும்.

பாறை உள்ள இடத்தில், பழகுகிறவர் கையில், எபொக்சிதான் நாள் தாங்கும். ஆனால் அதற்கு வெயில் பகை. அடைத்த வானுக்குள்ளோ கறுப்பு உறைக்குள்ளோ மதியம் முழுவதும் விட்டால் உள்ளே காற்று விரிந்து மேல் தோல் கொப்புளித்துப் பிரிந்துவிடும். அதை ஒட்டித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவராதீர்கள், மனசு கஷ்டமாக இருக்கும்.

எங்கட ஊர்ல ஃபைபர் போட் ஒட்டுற பாஸ் இருக்கார். அவரிட்டயே குடுக்கலாமா?

சாதாரணப் போர்ட் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். மீன்பிடி வள்ளங்களுக்கு அவர் பாவிப்பதும் பொலியெஸ்டர் பிசின்தான். கண்ணாடி இழையை மெல்லியதாகப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வள்ளம் மாதிரியே பாரமாகத் திரும்பி வரும்.

எபொக்சிப் போர்ட் என்றால் வேண்டவே வேண்டாம். பொலியெஸ்டர் பிசினில் இருக்கும் ஸ்டைரீன் ரெஜிபோமைக் கரைத்துவிடும். தொழில் பழகின காலத்தில் நானே ஒரு கூட்டாளியின் போர்ட்டில் ஐந்து சத அளவு ஓட்டையை ஒட்டப் போய், கண்ணுக்கு முன்னால் அது தேங்காய்ச் சிரட்டை அளவாகக் குழிந்ததைப் பார்த்தேன். அவனுக்கு இன்றும் நான் ஒரு போர்ட் கடன்.

பழைய போர்ட் வாங்கப் போறன். எதைப் பாக்கணும்?

ஒக்டோபரில் வெளிநாட்டுக்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் நேரம் நல்ல பொருள் மலிவாக வரும். முதலில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிப் பாரமாக இருந்தால் தண்ணீர் குடித்திருக்கிறது. பிறகு மேல் பக்கம் முழுவதையும் பெருவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது தோல் தனியே அமுங்கி எழும்பினால் பிரிந்துவிட்டது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். கால் மிதித்த இடத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருப்பது பரவாயில்லை.

அடுத்தது குறுக்குக் கோடு. வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மடிப்பு மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அது முறியத் தொடங்கிய போர்ட். ஒட்டியிருக்கிறோம் என்பார்கள், மெயினில் முதல் பெரிய அலையில் இரண்டாகும். ஃபின் பெட்டியைச் சுற்றி மயிர் வெடிப்பு இருக்கிறதா, லீஷ் (போர்ட்டைக் காலோடு இணைக்கும் கயிறு) கட்டும் குழிக்குள் தண்ணீர் கசிகிறதா என்றும் பாருங்கள். மஞ்சள் நிறம் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். வெயில் பட்டால் சாதாரணப் போர்ட் மஞ்சளாகத்தான் செய்யும். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

எனக்கு 48 கிலோ, நீச்சல் கொஞ்சம்தான் தெரியும். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு வேற போர்ட்டா?

போர்ட்டுக்கு ஆண், பெண் தெரியாது அக்கா, எடைதான் தெரியும். இரண்டாவது கேள்வியில் உள்ள கணக்கை 48க்குப் போடுங்கள்: பழக 50 முதல் 60 லீற்றர், பிறகு 30 முதல் 34. அகலம் 20½ முதல் 21 போதும். அதற்கு மேல் கக்கத்தில் இடுக்கித் தூக்கவே முடியாது, தலையில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

நீச்சல் கொஞ்சம் என்பதுதான் யோசிக்க வேண்டியது. லீஷ் அறுந்தால் போர்ட் கரைக்குப் போய்விடும், நீங்கள் அங்கேயே நிற்பீர்கள். நூறு மீற்றர் நிற்காமல் நீந்த முடியும் வரை இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் வேண்டாம். உல்லையில் 2018 முதல் பெண் பிள்ளைகளுக்கென்றே சர்ஃப் கழகம் இருக்கிறது. முழுக் கைச் சட்டை, நீளக் காற்சட்டையோடு ஓடுகிற தாய்மாரையும் அங்கே பார்க்கலாம்.

கல்லடியில, பாசிக்குடாவில ஓடேலாதா? அதுக்கு எந்தப் போர்ட்?

பாசிக்குடா குளம் மாதிரி, அங்கே அலை இல்லை. போர்ட்டில் படுத்துக் கையால் துடுப்புப் போல் வலித்துப் பழக நல்ல இடம். கல்லடியில் அலை கரையோடு வந்து ஒரேயடியாகக் குத்தும், இழுவையும் இருக்கிறது. எந்தப் போர்ட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது. காலை பஸ்ஸில் பொத்துவிலுக்கு வாருங்கள்.

வேக்ஸ், லீஷ் எல்லாம் எது எண்டு சொல்லுங்க.

நம் கடல் வருடம் முழுவதும் 27, 28 பாகையை ஒட்டியே இருக்கும். ஆகவே கால் வழுக்காமல் போர்ட்டில் தேய்க்கும் மெழுகு, அதுதான் வேக்ஸ், வெப்பக் கடலுக்கானதாக வேண்டும், கீழே கெட்டியான அடிப்பூச்சு ஒன்று. குளிர்த் தண்ணீர் வேக்ஸை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள், ரொட்டியில் பூசின மாஜரின் மாதிரி உருகி ஓடும். லீஷ் போர்ட்டின் நீளம் அல்லது சற்றுக் கூட. பின்னால் வைக்கும் காலில் கட்டுங்கள். மெயினில் பாறையும் உடம்பெல்லாம் முள்ளான கடல் முள்ளெலியும் உண்டு, காலுக்கு ரப்பர் சப்பாத்துப் போடுங்கள்.

ரெண்டு போர்ட்டும் 47 லீற்றர். ஒண்டு சுகமா ஓடுது, மற்றது ஓடுதே இல்ல. ஏன்?

லீற்றர் எவ்வளவு என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. ஒரு போர்ட்டில் அந்த நுரை நெஞ்சுக்குக் கீழே இருக்கும். அலை பிடிக்க அதுதான் வேண்டும். மற்றதில் வாலில் குவிந்திருக்கும், அது கையால் வலிக்கும்போது மூக்கைத் தாழ்த்தும். விளிம்பும் அப்படித்தான். ஒன்றில் நடு தடித்து விளிம்பு மெல்லியதாக இறங்கும், மற்றதில் விளிம்பு வரைக்கும் பெட்டி போல் தடிப்பாக இருக்கும். பெட்டி விளிம்பு மெதுவான அலைக்கு நல்லது, செங்குத்தான அலையில் உள்ளே இறங்க மறுக்கும். அதனால் எண்ணைப் பார்த்துவிட்டு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள்.

இன்னொன்று: இங்குள்ள பொயின்ற்றுகளில் அலை வலப்பக்கம்தான் உடையும். வலக்கால் முன்னால் வைத்து ஓடுகிறவர் எப்போதும் அலைக்கு முதுகு காட்டித்தான் ஓட வேண்டும், குதிக்காலால் விளிம்பை இறக்க வேண்டும். அவருக்கு அதே 47 லீற்றரில் அரை அங்குலம் ஒடுங்கினது சுகமாக இருக்கும்.

நான் ஏற்கனவே 5'10 வாங்கிட்டன் அண்ணா. இப்ப என்ன செய்ய?

என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். அதை வீட்டில் நிழலில் வையுங்கள். இந்த சீசன் முழுவதும் 7 அடி ஒன்றை வாடகைக்கு எடுத்து விஸ்கியில் ஓடுங்கள். பத்துக்கு ஏழு அலை தவறாமல் பிடிக்கிற நாள் வந்தால் 5'10ஐ ஒரு காலை நேரம், காற்று ஏற முன்னம் எடுத்துப் பாருங்கள். அப்போதும் மூழ்கினால் விற்றுவிடலாம்.

விற்பதென்றால் ஏப்ரல், மே மாதத்தில் விற்கப் பாருங்கள். ஒக்டோபரில் எல்லோரும் விற்கிறார்கள், வாங்குவதற்கு என்னைப் போல நாலு பேர்தான் நிற்போம், நாங்கள் பாதி விலைதான் சொல்வோம்.